பி.ஜே.க்களின் கேஸ் ஷீட்

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும் ஒவ்வொரு நோயாளியோடும் ஒரு தாள் வரும். வரவேண்டும் என்று சொல்வதுதான் சரி, பாதி நாள் வராது. வந்தால் பெயர் இருக்கும், நேரம் இருக்காது. நேரம் இருந்தால் வழியில் என்ன ஊசி போட்டார்கள் என்பது இருக்காது. எல்லாமே இருந்தால் கையெழுத்து புரியாது. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் வேலை பார்க்கிறேன். எம்.ஆர்.டி. என்பார்கள். தரைக்குக் கீழே ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு அறை இருக்குமே, வழி தவறியவர்கள் மட்டும் எட்டிப் பார்ப்பார்களே, அதுதான். பதினாறு வருஷமாக மற்றவர்கள் எழுதியதை அடுக்கி வைப்பதும், எழுதாமல் விட்டதை எழுதவைக்க டாக்டர்கள் பின்னால் அலைவதும்தான் பிழைப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன் கேஷுவாலிட்டி டாக்டர் கூப்பிட்டு, "சார், இந்த ஹேண்ட்ஓவர் ஷீட்டை உருப்படியா ஒண்ணு டிசைன் பண்ணிக் குடுங்க, ஒரே பக்கம், அதுக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். மற்ற இடங்களில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனதில் அமெரிக்க ராணுவத்தின் அட்டை ஒன்று கண்ணில் பட்டது. எண் டிடி 1380. ஒரு மனித உருவம், முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு கோட்டுப்படம். எங்கே அடி பட்டதோ அங்கே ஒரு குறி. கை கால் நான்குக்கும் தனித்தனிக் கட்டம், ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் பட்டையை எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று எழுத. நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, கிள்ளினால் அசைகிறாரா, ஒன்றுக்குமே அசைவு இல்லையா. என்ன மருந்து, எவ்வளவு, எப்போது. பின்பக்கம் அடியில் முதலுதவி செய்தவர் பெயர். அவ்வளவுதான் மொத்த அட்டையும். இருட்டில், கையுறையோடு, ஹெலிகாப்டர் குலுங்கும்போது மார்க்கர் பேனாவால் நிரப்ப வேண்டியது. எங்கள் ஆட்கள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நிரப்ப முடியாததை இவர்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்ற எரிச்சலில் இன்னும் கொஞ்சம் தேடினேன். பாராரெஸ்க்யூ என்ற சொல் அப்படித்தான் எனக்கு அறிமுகம்.

அமெரிக்க விமானப்படையின் ஒரு பிரிவு அது, அதன் ஆட்களைச் சுருக்கமாகப் பி.ஜே. என்பார்கள். விழுந்த விமானத்தின் விமானியை எதிரி நிலத்திலிருந்தோ பனியிலிருந்தோ நடுக்கடலிலிருந்தோ தூக்கி வருவது வேலை. பாராசூட்டில் குதிப்பார்கள், கடலுக்கடியில் நீந்துவார்கள், கயிறு கட்டி மலை ஏறுவார்கள், தேவைப்பட்டால் சுடுவார்கள். இதற்கெல்லாம் மேலே ஒவ்வொருவரும் தேர்வெழுதி உரிமம் வாங்கிய பாராமெடிக். பயிற்சிக்கு இரண்டு வருஷம் பக்கம் ஆகும், சேர்பவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே கழன்றுவிடுவார்கள், அதில் நிறையப் பேரை நீச்சல்குளமே வீட்டுக்கு அனுப்பிவிடும். 1966 முதல் அவர்களுக்கு மரூன் நிறத் தொப்பி. வியட்நாம் காலத்தில் அவர்கள் ஏறிய பெரிய பச்சை ஹெலிகாப்டரின் செல்லப்பெயர் ஜாலி கிரீன் ஜயன்ட். அது இறங்கி எழுந்த புல்வெளியில் பூதம் மிதித்த மாதிரித் தடம் விழுமாம். அதன் நினைவாகப் பி.ஜே.க்கள் இரண்டு பச்சைப் பாதங்களைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். எந்த இடத்தில் என்று கேட்டால், உட்கார்ந்தால் மறைந்துவிடும் இடத்தில்.

பி.ஜே. என்ற பெயருக்கு வழிவழியாகச் சொல்லும் விளக்கம் இது: விமானத்தில் யார் என்ன வேலையாக ஏறினார் என்று குறிக்கும் ஃபார்ம் 5 என்ற பறப்புப் பதிவில், குதிக்கப் போகிறவருக்குப் போட்ட குறியீடு அது. படிவத்தின் ஒரு கட்டத்திலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட பட்டாளம். எம்.ஆர்.டி.க்காரனுக்குப் பிடித்துப்போக இது போதாதா?

அதற்கப்புறம் இரண்டு வருஷமாக, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இவர்களைப் பற்றிப் பொதுவெளியில் என்னென்ன கிடைக்கிறதோ எல்லாவற்றையும் படித்தேன். விருதுப் பாராட்டுரைகள், விபத்து அறிக்கைகள், படக்குறிப்புகள், பழைய நினைவுகள். சாகசத்துக்காகப் படித்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்கு வேறு ஒரு கேள்வி. ஆளைக் காப்பாற்றுகிறவன் அந்த நேரத்தில் எழுத முடியாது. அப்படியானால் எழுதுவது யார்?

கதை நமக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1943 ஆகஸ்ட் 2. அஸ்ஸாமின் சபுவா விமானதளத்திலிருந்து சீனாவுக்குக் கிளம்பிய சி-46 விமானம் ஒன்று, இன்றைய நாகாலாந்து–மியான்மர் எல்லை மலைகளுக்கு மேலே எஞ்சின் பழுதாகி விழுந்தது. ஏறியிருந்த 21 பேரில் துணை விமானி இறந்தார், மற்ற 20 பேரும் பாராசூட்டில் குதித்துத் தப்பினார்கள். ஒருவருக்குக் கால் உடைந்துவிட்டது. தேடி வந்த விமானத்தில் டான் ஃபிளிக்கிஞ்சர் என்ற விமானப்படை மருத்துவர் இருந்தார். கீழே அடிபட்டவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், இரண்டு மருத்துவ உதவியாளர்களோடு அந்தக் காட்டுக்குள் குதித்துவிட்டார். திரும்பக் கூட்டிப்போக வழியே இல்லாத இடம், அது தெரிந்துதான் குதித்தார்கள். பின்னால் மொகொக்சுங்கின் பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் ஆடம்ஸ், நாகா சுமைகாரர்களும் காவலர்களும் கூட வர நடந்தே வந்து சேர்ந்தார், எல்லாரும் மலையேறி இறங்கி நடந்தே வெளியே வந்தார்கள். பாராரெஸ்க்யூவின் பிறப்பு என்று பி.ஜே.க்கள் இன்றும் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

இவ்வளவு விவரமாக நமக்கு இது தெரியக் காரணம் ஒன்றே ஒன்று. விழுந்த இருபது பேரில் ஒருவர் எரிக் செவரைட், சி.பி.எஸ். வானொலியின் செய்தியாளர். அவர் சொன்னார், எழுதினார், உலகம் கேட்டது. அதே இமயமலைப் பாதையில் அந்தப் போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் விழுந்திருக்கின்றன, செய்தியாளர் ஏறாத விமானங்கள். அவற்றின் கதைகளில் பல ஒரு எண், ஒரு தேதியோடு முடிந்துவிட்டன.

இன்னொரு தரப்பும் உண்டு. விமானம் விழுந்த பாங்ஷா, பொன்யோ வட்டாரத்து நாகர்கள். பழைய அமெரிக்க விவரிப்புகளில் அவர்களுக்கு இருக்கிற ஒரே அடையாளம் தலைவேட்டைக்காரர்கள் என்பது. வேட்டையாடினார்கள், அது பொய்யில்லை. ஆனால் ஏழு வருஷம் முன்பு, 1936-ல், பிரிட்டிஷ் அதிகாரிகள் படையோடு வந்து பாங்ஷாவைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நினைவோடு இருந்த ஜனங்களுக்கு நடுவில் வானத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் விழுகிறார்கள். விழுந்தவர்கள் உயிரோடு திரும்பியும் போகிறார்கள். ஊரில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்கள், யார் வேண்டாம் என்றார், யார் விடுங்கள் என்றார்? அந்தப் பக்கத்து கேஸ் ஷீட் நமக்கு இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை, நம்மவர் என்பதால். ஏ.ஜி. ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்று பெயரிலேயே ஊர் இருக்கிறது. ராணுவ மருத்துவர், இந்திய வீரர்களில் முதன்முதலில் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். கொரியப் போருக்கு இந்தியா சண்டை போடும் படையை அனுப்பவில்லை, அனுப்பியது 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை. அதன் தலைவர் இவர். 1950 டிசம்பரில் பியாங்யாங்கை விட்டு எல்லாரும் பின்வாங்கியபோது, மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டுப் போக மனமில்லாமல், ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்த ஆட்கள். 1951 மார்ச் 23-ல் முன்சான் பகுதியில் அமெரிக்க பாராசூட் படை குதித்தபோது, ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் சிகிச்சைப் பெட்டிகளோடு கூடவே குதித்தார்கள். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் பி.ஜே. இல்லை, படையே வேறு. ஆனால் வேலை அதேதான்: அடிபட்டவன் இருக்கும் இடத்துக்கு மருத்துவமே குதித்துப் போவது. எனக்குத் தெரிந்தவர்களில் பத்துப் பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அமெரிக்கர்கள் ஆவணத்தைப் பாதுகாக்கிற லட்சணத்தைப் பற்றி இனி நான் என்ன குறை சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

குறை சொல்ல விஷயம் இருக்கிறது. பாராரெஸ்க்யூ முறையான பிரிவாக அமைந்தது 1947-ல். அந்த முதல் பதினேழு, பதினெட்டு வருஷத்து ஆட்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று தேடும்போது ஒரு தீவிபத்தில் போய் முட்டிக்கொண்டேன். 1973 ஜூலை 12, செயின்ட் லூயிஸ் அருகே, ராணுவத்தினரின் பணிக்கோப்புகளை வைத்திருந்த கட்டடத்தின் ஆறாவது மாடி. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் எரிந்தன. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. தரைப்படையின் 1912 முதல் 1960 வரையிலான கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. விமானப்படையில் 1947 முதல் 1964 வரை வேலையை விட்டவர்களின் கோப்புகளில் 75 சதவீதம், ஆனால் எல்லாருடையதும் இல்லை. அகரவரிசையில் "ஹப்பர்ட், ஜேம்ஸ் இ." என்ற பெயருக்கு அப்புறம் வருகிறவர்களுடையது மட்டும்!

இதைப் படித்துவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, நிஜமாகவே. குடும்பப்பெயர் ஏ-யில் தொடங்கியதால் ஒருவனுடைய வாழ்க்கை தப்பிவிட்டது, எஸ்-ஸில் தொடங்கியதால் பனியில் குதித்தவன் புகையாகிவிட்டான். எங்கள் அறையில் ஒரு மழைக்காலத்தில் சுவரோரம் தண்ணீர் கசிந்து கீழ்த்தட்டுகள் மட்டும் ஊறிப்போயின. நாங்கள் அடுக்குவது உள்நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஐ.பி. எண் வரிசையில், அதனால் ஒரு குறிப்பிட்ட வருஷத்தின் ஜூன், ஜூலையில் அட்மிட் ஆனவர்களின் தாள்கள் கூழாகிவிட்டன. ஹேர் டிரையரால் காய வைத்தோம். சிரிக்காதீர்கள், கொஞ்சம் பலன் இருந்தது. அந்த இரண்டு மாதத்துக்காரர்கள் யாராவது இன்ஷூரன்ஸுக்கு வந்து நின்றால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, வியட்நாமுக்கு வருவோம். பி.ஜே.க்களைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் வரும் பெயர் வில்லியம் பிட்ஸன்பார்கர். ஓஹையோவின் பிக்வா ஊர்க்காரர், வயது 21. 1966 ஏப்ரல் 11, காம் மி அருகே காட்டுக்குள் சிக்கிய தரைப்படைக் கம்பெனியின் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்க வந்தார். ஸ்ட்ரெச்சரில் ஆளை எப்படிக் கட்டுவது என்று கீழே இருந்தவர்களுக்குச் சரியாக வரவில்லை, அதனால் தானே கீழே இறங்கினார். ஒன்பது பேரை மேலே அனுப்பிவைத்தார். ஹெலிகாப்டர் மேல் குண்டு பட்டதும், நீங்கள் போங்கள் என்று கையசைத்துவிட்டுக் கீழேயே தங்கிவிட்டார். தரைப்படைக்காரர்களுக்குக் கட்டுப் போட்டார், செத்தவர்களிடமிருந்து தோட்டாவை எடுத்து உயிரோடு இருந்தவர்களுக்குக் கொடுத்தார், அன்றே இறந்துபோனார். அந்தக் கம்பெனியின் 134 பேரில் 106 பேர் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள்.

அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானருக்குப் பரிந்துரை போனது. கிடைத்தது அதற்கு அடுத்த படியான ஏர் ஃபோர்ஸ் கிராஸ். காரணத்தை யோசித்துப் பாருங்கள். அவர் விமானப்படை, அவர் செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் தரைப்படை. பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள் அல்லது ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், அவர்கள் எழுதினால் அவர்கள் மேலதிகாரிக்குத்தான் போகும், இவருடைய மேலதிகாரிக்குப் போகாது. எங்கள் இடத்தில் ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு மாற்றிய நோயாளியின் கேஸ் ஷீட்டில் அந்த மாறிய இரவு மட்டும் காலியாக இருக்குமே, அதே கதைதான். பிழைத்தவர்களும் பழைய பி.ஜே.க்களும் வருஷக்கணக்கில் சாட்சி எழுத்துகளைச் சேர்த்தார்கள். 2000 டிசம்பர் 8-ல், டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், மெடல் ஆஃப் ஹானரைப் பெற்றோர் கையில் கொடுத்தார்கள். முப்பத்துநான்கு வருஷம். பெற்றோர் அதுவரை உயிரோடு இருந்தது வெறும் அதிர்ஷ்டம்.

இதற்கு நேர் எதிரான கேஸ் டுவேன் ஹாக்னி. 1967 பிப்ரவரி 6, மு ஜியா கணவாய்ப் பகுதி. காட்டிலிருந்து தூக்கிய விமானியோடு ஹெலிகாப்டர் திரும்பும்போது பீரங்கிக் குண்டு பட்டுத் தீப்பிடித்தது. ஹாக்னி தன் பாராசூட்டை அந்த விமானிக்கு மாட்டிவிட்டு, தனக்கு வேறொன்றைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் வெடிப்பு அவரை வெளியே தூக்கி எறிந்தது. உள்ளே இருந்த மற்ற எல்லாரும் இறந்தார்கள், பாராசூட் வாங்கிக்கொண்ட விமானி உட்பட. ஹாக்னிக்கு வயது 19. உள்ளே நடந்ததற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அவரே. தன் பாராசூட்டைக் கொடுத்தேன் என்பதைத் தானே சொல்லவேண்டிய நிலைமை ஒரு பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் பாராட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது வீரத்தைவிட இந்தச் சங்கடம்தான்.

படங்கள் பற்றிச் சொல்லவேண்டும். பி.ஜே. என்று தேடினால் கொட்டும். அமெரிக்க அரசு ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்த படத்துக்கு அங்கே காப்புரிமை கிடையாது, யாரும் எடுத்துப் போடலாம், அதனால் டி-ஷர்ட்டிலும் வால்பேப்பரிலும் இவர்கள்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் இருக்கும், என்னை மாதிரி ஆளுக்கு அது அல்வா: முதல் ஆறு இலக்கம் வருஷம்-மாதம்-தேதி, பிறகு எந்தப் படை என்பதற்கு ஒரு எழுத்து, விமானப்படைக்கு எஃப், பிறகு படம் எடுத்தவரின் அடையாளம், பிறகு வரிசை எண். எடுத்தவர் அடையாளம் கட்டாயம் இருக்கும், கவனியுங்கள். படத்தில் இருப்பவர் பெயர் சில சமயம் இருக்காது, இடம் தென்மேற்கு ஆசியாவில் வெளியிடப்படாத ஓர் இடம் என்று இருக்கும். அதைவிட முக்கியம், குறிப்பைக் கடைசி வரை படித்தால் பாதிக்கு மேல் பயிற்சியின்போது எடுத்தவை. பின்னால் சிவப்பாகச் சூரியன் இறங்க, கயிற்றில் தொங்கும் அந்த அழகான ஆள் யாரையும் காப்பாற்றிக்கொண்டு இல்லை. காயம்பட்டவன்போல் நடிக்கிற ஒருவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். உண்மையான மீட்பில் கேமரா பிடிக்க எவனுக்குக் கை ஒழியும்? 2013-ல் நேஷனல் ஜியாகிராஃபிக் சேனல் ஆப்கானிஸ்தானில் இருந்த பி.ஜே.க்களை வைத்து ஒரு தொடர் எடுத்தபோது தலைக்கவசத்திலும் ஹெலிகாப்டருக்குள்ளும் கேமராவைப் பொருத்தித்தான் இந்தப் பிரச்சினையைச் சமாளித்தார்கள்.

எனக்குப் பிடித்த படம் பழையது. 1966 மார்ச், ஜெமினி 8. விண்கலம் கட்டுப்பாடில்லாமல் சுழன்றதால் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் திட்டமிட்ட அட்லாண்டிக்குக்குப் பதில் ஒகினாவாவுக்குக் கிழக்கே பசிபிக்கில் வந்து விழுந்தார்கள். மூன்று பி.ஜே.க்கள் விமானத்திலிருந்து கடலில் குதித்து, கலம் மூழ்காமல் இருக்க அதைச் சுற்றி மிதவை வளையம் கட்டி, கப்பல் வரும் வரை மூன்று மணிநேரம் போலக் கூடவே மிதந்தார்கள். படத்தில் கதவு திறந்திருக்கிறது, இரண்டு விண்வெளி வீரர்களும் தெரிகிறார்கள், வளையத்தில் இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் யார் என்று உலகத்துக்கே தெரியும். மற்றவர்களை வெறுமே பாராரெஸ்க்யூ ஆட்கள் என்று எழுதிய குறிப்புகள்தான் நிறைய. லாரி ஹூயட், எல்ட்ரிட்ஜ் நீல், க்ளென் மூர். எழுதி வைத்துவிட்டேன்.

பாராட்டுரைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. பொய் என்று சொல்லவில்லை, ஆனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி: நோயாளி நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். யாரை அனுப்பினாலும் அந்த வரிதான். நம்பகமான தாள் வேண்டுமென்றால் விபத்து அறிக்கையைப் படியுங்கள்.

அமெரிக்க விமானப்படையில் ஒரு விபத்துக்கு இரண்டு விசாரணை நடக்கும். ஒன்று பாதுகாப்புக்காக. அதில் பேசுகிறவர் சொன்னதை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது, அது வெளியே வராது. இன்னொன்று பொதுமக்களுக்கும் குடும்பத்துக்கும், அது வெளியாகும். எங்களிடமும் இதே ஏற்பாடு உண்டு. நோயாளி ஏன் இறந்தார் என்று டாக்டர்கள் கூடும் மார்டாலிட்டி மீட்டிங்கில் பேசுவது அந்த அறைக்குள் நிற்கும், கேஸ் ஷீட் வெளியே போகும். 2018 மார்ச் 15 இரவு மேற்கு இராக்கில் ஒரு மீட்பு ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேரும் இறந்தார்கள். இருவர் பி.ஜே.க்கள், ஒருவர் மீட்புப் பிரிவின் அதிகாரி, மற்ற நால்வர் நியூயார்க்கின் 106-வது மீட்புப் பிரிவு. அதில் இருவர் ஊரில் தீயணைப்பு வீரர்கள். சில மாதம் கழித்து வந்த அறிக்கையில் வீரம் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் பறந்துவிட்டார்கள், இருட்டில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியில் மோதினார்கள். கம்பியின் தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. யாரும் சுடவில்லை. அழுத்தமே இல்லாத அந்த மொழியைப் படிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி எந்தப் பாராட்டுரையிலும் எனக்கு நடந்ததில்லை.

அந்த 106-வது பிரிவுக்கு இது முதல் அடி இல்லை. லாங் ஐலண்டில் இருக்கிறார்கள், அமெரிக்காவில் தேசியக் காவல்படை என்பார்கள், பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்கிறவர்கள். 1991 அக்டோபர் 30-ல் வடகிழக்குக் கடலில் வந்த பெரும்புயலில், தனியாகப் பாய்மரப் படகில் சிக்கிய ஒரு ஜப்பானியரைத் தேடிப் போனார்கள். அலையின் உயரத்தில் அவரைத் தூக்க முடியவில்லை. திரும்பும்போது பறந்தபடியே டாங்கர் விமானத்திலிருந்து எரிபொருள் பிடிக்கவும் முடியவில்லை. எரிபொருள் தீர்ந்து ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. ஐந்து பேரில் நால்வரைக் கடலோரக் காவல்படையின் டமரோவா கப்பல் இரவில் தூக்கியது. பி.ஜே. ரிக் ஸ்மித் கிடைக்கவேயில்லை. அந்தப் புயல் உலகப்புகழ் அடைந்ததோ அதில் காணாமல் போன ஒரு மீன்பிடிப் படகால்.

சமீப காலத்தில் இன்னொரு எழுத்தர் வந்து சேர்ந்திருக்கிறார், ஆளில்லா விமானம். 2002 மார்ச் 4, ஆப்கானிஸ்தானின் தாகுர் கர் மலையுச்சி. அங்கே ஜேசன் கன்னிங்ஹாம் என்ற 26 வயது பி.ஜே., தான் வந்த ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, குண்டுமழையில் காயம்பட்டவர்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்து, தானும் அடிபட்டு, மணிக்கணக்கில் உயிர் இருந்தும் கூட்டிப்போக ஹெலிகாப்டர் வர முடியாமல் இறந்தார். பத்துப் பேர் உயிரோடு சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்கிறது அவருடைய ஏர் ஃபோர்ஸ் கிராஸ் பாராட்டுரை. அதே உச்சியில் ஜான் சாப்மன். அவர் பி.ஜே. இல்லை, விமானங்களுக்கு வழிகாட்டும் காம்பாட் கன்ட்ரோலர். கூட வந்தவர்கள் அவர் இறந்துவிட்டதாக நினைத்துப் பின்வாங்கினார்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானங்கள் எடுத்த காணொளியைப் பல வருஷம் கழித்து ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, அதற்குப் பிறகும் தனியாகச் சண்டையிட்ட உருவம் அவருடையதுதான் என்று விமானப்படை முடிவுக்கு வந்தது, 2018-ல் மெடல் ஆஃப் ஹானர். அந்தக் காணொளியைப் பொதுவிலும் வெளியிட்டார்கள். பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு மலை, அதில் எறும்பு மாதிரிப் புள்ளிகள், எந்தப் புள்ளி யார் என்று பக்கத்தில் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று அங்கே இருந்தவர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவும் இல்லை. கேமரா வந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று நம் ஆட்களும் சி.சி.டி.வி.யை வைத்துச் சொல்வார்களே, அது அங்கேயும் பலிக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் என் அட்டையை மறந்துவிட்டேன். பி.ஜே. எழுதுவது அது ஒன்றுதான், அதுவும் பல சமயம் முதலில் தொடையில் ஒட்டிய டேப்பில் கிறுக்கிவிட்டு அப்புறம் அட்டைக்கு மாற்றுவது. காயம்பட்டவரோடு அட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும், அங்கிருந்து விவரம் ராணுவத்தின் காயப் பதிவேட்டில் ஏறும், நோயாளியின் தகவல் என்பதால் நமக்கு யாருக்கும் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. ஆனால் அப்படிச் சேர்ந்த விவரங்கள் எண்களாக வெளியே வந்திருக்கின்றன. 2009-ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானில் அடிபட்டவரை ஒரு மணிநேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கு முன்னும் பின்னும் இருந்த பதிவுகளை ஒப்பிட்டுப் பின்னால் ஓர் ஆய்வு வந்தது. கொண்டுசேர்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு 90 நிமிஷத்திலிருந்து 43 நிமிஷமாகக் குறைந்திருந்தது, இறப்பும் குறைந்திருந்தது. தரைப்படையின் மருத்துவ ஹெலிகாப்டர்களும் பெட்ரோ என்ற அழைப்புக்குறியில் பறந்த பி.ஜே. ஹெலிகாப்டர்களும் சேர்ந்து செய்த வேலை. யார் பெயரும் அதில் இல்லை. இரண்டு வருஷத்தில் நான் படித்ததிலேயே பி.ஜே.க்களைப் பற்றிய சிறந்த ஆவணம் அதுதான் என்பேன், அவர்கள் பெயரே வராத ஆவணம்.

எங்கள் ஷீட் தயாராகிவிட்டது, சொல்ல மறந்தேனே. ஒரே பக்கம். மனித உருவம் முன்னும் பின்னும், பெரிய பெரிய கட்டம், நேரத்துக்கு மட்டும் சிவப்பு நிறம். டாக்டருக்குப் பிடித்திருந்தது. டி.டி.பி. கடைக்காரர் உருவத்தைப் பார்த்துவிட்டு "ஜோசியமா சார்?" என்றார். நேரம் இப்போது ஓரளவு எழுதி வருகிறது. உருவத்தில் குறியும் போடுகிறார்கள், ஒரு பையன் காயத்துக்கு நிழல்கூடத் தீட்டி அனுப்பினான். பக்கத்தின் அடியில், அந்த அமெரிக்க அட்டையில் இருந்த மாதிரியே, நிரப்பியவர் பெயர் என்று ஒரு கட்டம் வைத்தேன். அது பெரும்பாலும் காலியாகத்தான் வருகிறது. எழுதி வருகிற ஒன்றிரண்டில் "ஆம்புலன்ஸ்" என்று இருக்கிறது.